மேற்பார்வையாளர் கையெழுத்து

"சார், மறுபடி மறுபடி அதையேதான் சொல்றேன். உங்களுக்கு மேல ஒரு அதிகாரி இருந்தா, ரயில் செலவு கிடைக்காது."

கிளைவ் கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்து ஒரு முறை முறைத்துவிட்டு, மறுபடி வைத்துக்கொண்டான்.

"அதிகாரி இல்லாத வேலை எங்கம்மா இருக்கு? இருந்தா சொல்லுங்க, அதுக்கே போயிடறேன்."

"சட்டம் அப்படி சார்," என்றாள் மறுமுனையில் டிரேசி. "பக்கத்துல நின்னு 'இப்படிச் செய், அப்படிச் செய்யாதே'ன்னு ஒருத்தர் சொல்லிக்கிட்டே இருந்தா, நீங்க அங்கயே வேலை பார்க்கற ஆள் மாதிரி. தினம் வேலைக்குப் போற காசை யாரு தருவா? விண்ணப்பத்துல மேற்பார்வையாளர் பெரில் ஸ்டோக்ஸ்னு நீங்களே எழுதியிருக்கீங்க. 'நான் இவரை ஒண்ணும் சொல்றதில்ல'ன்னு அவங்க எழுதிக் கையெழுத்துப் போட்டா, பார்க்கலாம்."

"பெரில்? ஒண்ணும் சொல்றதில்லைன்னா?"

சிரிப்பதா அழுவதா என்று கிளைவுக்குத் தெரியவில்லை.

பல மாதங்கள் சும்மா இருந்த பிறகு கிடைத்த வேலை இது. ஸ்பால்டிங் ஊருக்கு வெளியே நீரேற்று நிலையத்தின் பின்னால் ஒரு தகர அறை. தலைமை அலுவலகத்திலிருந்து வேன் வந்து பழைய வடிகால் வரைபடங்களைக் கட்டுக் கட்டாக இறக்கிவிட்டுப் போகும். அவற்றைக் கணினியில் ஏற்ற வேண்டும். ஆனால் தற்காலிக ஆட்களுக்கு வடிகால் நிறுவனம் நேரே சம்பளம் தராது. நடுவில் ஒரு அம்ப்ரெல்லா கம்பெனி, அதாவது குடைக் கம்பெனி, அதை வாங்கி, தன் பங்கை எடுத்துக்கொண்டு தரும். டிரேசி அங்கேதான் இருக்கிறாள். பேர்தான் குடை. நாலு தூறல் விழுந்தால் முதலில் மடங்குவது அதுதான்.

வீடு இருக்கும் லெஸ்டரிலிருந்து இரண்டு ரயில், ஒரு பஸ். கட்டணமே பாதிச் சம்பளத்தைத் தின்றது. "வெள்ளிக்கிழமைக்குள்ள அந்தப் பணம் வரலைன்னா விட்டுடு," என்று மனைவி ஜில் தீர்த்துச் சொல்லிவிட்டாள். "காசு குடுத்து வேலைக்குப் போற ஒரே ஆள் நீதான்." அவள் சொல்வதும் நியாயம். ஆனால் அவனுக்கு அந்த வரைபடங்கள் பிடித்துப்போயிருந்தன. விட மனசே இல்லை.

பிடிக்காதது பெரில் மட்டும்தான். முதல் வாரம் அவன் தனியாக, ராஜாவாக இருந்தான். அடுத்த திங்களன்று கதவு திறந்தது. மழைக்கோட்டை உதறிய அம்மாள், காலை வணக்கம்கூடச் சொல்லவில்லை. "இந்த மேசை ஏன் இங்க கிடக்கு? ஜன்னலோரம் தள்ளு," என்றாள். யார் என்று கேட்கத் தோன்றவில்லை. தள்ளினான். அன்றிலிருந்து அவள் சொன்ன பக்கமெல்லாம் எதையாவது தள்ளிக்கொண்டுதான் இருக்கிறான்.

இப்போது அவளிடமே போய் நின்றான்.

"மேடம், ஒரு சின்ன உதவி."

"முதல்ல அந்தக் கோப்பையைத் தட்டுல வை. வரைபடத்துல வட்டம் விழுது பாரு."

வைத்தான். விஷயத்தைச் சொன்னான். பெரில் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"நான் கையெழுத்துப் போட்டா செல்லுமா?"

"நீங்க போட்டாத்தானே மேடம் செல்லும்!"

பெரில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். முகத்தில் ஒரு களை வந்துவிட்டது.

"சரி, உட்காரு. எழுது. அந்தப் பேனா வேண்டாம், கறுப்பு எடு. 'எப்படி வேலை செய்யணும்னு கிளைவுக்கு யாரும் சொல்றதில்ல.' என்ன இது, கோழி கிண்டின மாதிரி? கிழி. திரும்ப எழுது."

கிழித்தான். திரும்ப எழுதினான்.

"'அவர் தன் இஷ்டப்படி வேலை செய்யறார்.' இஷ்டப்படிக்குக் கீழ ஒரு கோடு போடு."

"கோடு எதுக்கு மேடம்?"

"போடுன்னா போடு."

போட்டான். பெரில் பெரிதாகச் சுழித்துக் கையெழுத்திட்டாள். அதைப் படம் பிடித்து அனுப்பிவிட்டு, சாப்பிடக் கொண்டுவந்த சாண்ட்விச்சைக்கூடப் பிரிக்காமல் டிரேசியை அழைத்தான். காத்திருக்கும் பாட்டு ஓடியது, நின்றது, மறுபடி முதலிலிருந்து ஓடியது. கடைசியில் வந்தாள்.

"கடிதம் பார்த்தேன் சார். இது செல்லாது."

கிளைவுக்குப் பொறுமை அறுந்தது. "என்னம்மா, விளையாடறீங்களா? இந்த ஒரு தாளுக்காக நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியுமா?"

"கிளைவ்!" பெரிலின் குரல் முதுகில் விழுந்தது. "கத்தறதுன்னா வெளியில போய்க் கத்து!"

வெளியே போய், மழையில் நின்று கத்தினான். "நான் வேலையை விடறேன்! இந்தப் பொம்பளைகிட்டயும் இனிமே மாரடிக்க முடியாது, உங்ககிட்டயும் முடியாது!"

"அவசரப்படாதீங்க சார். கையெழுத்துப் போட்டவங்க பேரைத் தட்டிப் பார்த்தேன். எங்க பட்டியல்லயே வருது. அவங்களும் உங்களை மாதிரி எங்க மூலமா வந்த தற்காலிக ஆள்தான். உங்களுக்கு அடுத்த வாரம் சேர்ந்தவங்க."

"எ... என்னது?"

"வடிகால் கம்பெனிகிட்டயும் கேட்டுட்டேன். அந்த அறைக்கு அதிகாரின்னு அவங்க யாரையுமே போடலையாம். நீங்க அந்தப் பேரை எழுதாம இருந்திருந்தா பணம் எப்பவோ வந்திருக்கும். வெள்ளிக்கிழமை வந்துடும் சார்."

கிளைவ் கைப்பேசியைப் பையில் போட்டான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கதவைத் தள்ளினான்.

"காலைத் துடைச்சுட்டு வா," என்றாள் பெரில், தலையைத் தூக்காமலேயே.

துடைத்துவிட்டு உள்ளே போனான்.