வெளிச்சம் பழகிய முகம்

"என்ன சார், மொட்டை! மலை சுத்துன கையோட வேண்டுதலையும் முடிச்சிட்டீங்களா?"

உதவியாளன் அஜ்மல் பெங்களூரில் ஒரு மாதம் லென்ஸ் வேலை பழகிவிட்டு அன்று காலைதான் திரும்பியிருந்தான்.

"ம்" என்றான் பலராமன்.

வேங்கிக்கால் கல்லூரியின் இருட்டறையில் இருந்தது அவனுடைய மூன்று வருஷ உழைப்பு. கணக்கை மின்சாரத்தில் போடாமல் வெளிச்சத்திலேயே போடும் கம்ப்யூட்டர் சில்லு. மூளை நரம்பு மாதிரி பார்த்துப் பார்த்துப் பழகும். பழகிய முகம் எதிரே வந்தால் பச்சை விளக்கு எரியும். பழக்குவதற்குக் கூலி கேட்காமல் கிடைத்தது அம்மா ஜோதியம்மாளின் முகம்.

நாளைக்கு டெல்லியிலிருந்து பணம் ஒதுக்கும் அதிகாரிகள் பார்க்க வருகிறார்கள். விளக்கு எரியாவிட்டால் எல்லாவற்றையும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அஜ்மல் லேசரைப் போடக் கறுப்புத் திரைக்குப் பின்னால் போனான். பலராமன் வராந்தாவில் இருந்த அம்மாவை அழைத்து வந்து கேமராவுக்கு எதிரே உட்கார வைத்தான்.

"எரியுதா சார்?"

"இல்ல."

"லேசர் அதேதான், லென்ஸ் அதேதான். எதுவுமே மாறலையே!"

"நிமிந்து உக்காரும்மா."

"எப்பவும் போலத்தான்டா உக்காந்திருக்கேன். இன்னும் எப்படி உக்கார?"

திரைக்குப் பின்னாலிருந்து மறுபடியும் அஜ்மல். "சில்லுப் பெட்டி மேல ஆயுத பூஜைக் குங்குமம் அப்பிக் கெடக்குதே, தூசி உள்ள போயிருக்குமோ? தொடச்சிடட்டா சார்?"

"வேணாம். தொடச்சது போதும்."

பழக்கும்போது எடுத்த அம்மாவின் படங்களைக் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாக ஓட்டினான் பலராமன். பாதியில் கை நின்றது. இத்தனை நாளும் சில்லு எதைப் பார்த்துப் பழகியது என்று புரிந்துவிட்டது. படங்களை அணைத்தான்.

"வேற முகத்த பழக்கிக்கலாம்மா. வா, போலாம்."

"ஒரே நாள்ல பழகிடுமா?"



படங்களை ஜோதியம்மாளும் பார்த்திருந்தாள். எழுந்து போய்த் திரைக்குள் கையை மட்டும் நீட்டி, பெட்டிமேலிருந்த குங்குமத்தில் மோதிர விரலை அழுத்தினாள். நெற்றியில் வைத்துக்கொண்டு, பழையபடி நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"எரிஞ்சிடுச்சா சார்?" என்று கத்தினான் அஜ்மல்.

விளக்கையே பார்த்துக்கொண்டிருந்த அம்மா, மெல்லக் கேட்டாள்:

"உங்கப்பா போன சேதிய இதுக்கு மட்டும் யாரும் சொல்லலையாடா?"