அருவி மூடியிருக்கு

“மூடியாச்சுன்னா மூடியாச்சுதான் பாய். வண்டியத் திருப்புங்க.”

காவலாளி இருசப்பன் குறுக்குக் கம்பியின் மேல் கையை வைத்தபடி நின்றார்.

“இன்னாய்யா இது, அநியாயமா கீது? கள்ளக்குறிச்சிலருந்து பொண்டாட்டிய வண்டில ஒக்கார வெச்சிக்கினு வரேன். வாரத்துல ஒரு நாளு கடைக்கு லீவு வுட்டுட்டு வந்தா, மூடியாச்சுன்றியே!”

அப்துல் ஜலீல் போட்ட சத்தத்தில், மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த பஸ் வேகம் குறைத்தது. ஜன்னலோரம் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“வழியில பாறை சரிஞ்சி கெடக்குது பாய். யாரையும் உள்ள வுடக் கூடாது.”

“சரிஞ்சா இன்னா? நாங்க சுத்திக்கினு போறோம்!”

“அதெல்லாம் முடியாது.”

“முடியாதா? ஒன் மேலதிகாரி நம்பரக் குடு. நா பேசிக்கறேன்!”

இருசப்பனின் முகம் மாறியது.

மெஹ்ராஜ் பேகம் கையில் டிபன் கேரியரோடு வண்டி பக்கத்தில் நின்றாள். மூன்று மாதமாக வீட்டை விட்டு வெளியே வராதவள். “கல்யாணமான புதுசுல போனமே, அந்த அருவிக்கு ஒருக்கா கூட்டிக்கினு போங்க” என்று கேட்டுக் கேட்டு இந்த ஞாயிற்றுக்கிழமையை வாங்கியிருந்தாள். விடியும் முன்பே எழுந்து நெய்ச்சோறும் கோழிக் குழம்பும் செய்திருந்தாள். மருமகள் அஸ்ரின் எவ்வளவு சொல்லியும் கரண்டியைக் கொடுக்கவில்லை.

“வுடுங்க. அவரு வேலைய அவரு பாக்கறாரு. அவருகிட்டப் போயி எதுக்குக் கத்தறீங்க?” என்றாள்.

“நீ சும்மா இரு மெஹ்ராஜ். இவன இன்னிக்கி ரெண்டுல ஒண்ணு பாக்காம வுட மாட்டேன்.”

“நாலு பேரு பாக்கறாங்க. வாங்கன்னா வாங்க!” கணவரின் கையைப் பிடித்து இழுத்தவள், காவலாளியைத் திரும்பிப் பார்த்தாள். “மனசுல வெச்சிக்காதீங்கண்ணா. இவருக்கு வாய்தான் இப்படி.”

ஜலீல் முணுமுணுத்துக்கொண்டே வண்டியைத் திருப்பினார்.

சாலை ஓரமாகவே கொஞ்ச தூரத்தில் ஒரு ஓடை. பலா மரத்து நிழல். போர்வையை விரித்து, இருவரும் தண்ணீரில் காலை நனைத்தபடி உட்கார்ந்தார்கள்.

“அருவி போனா போவுது. இதுவும் நல்லாத்தான் கீது” என்றாள் மெஹ்ராஜ். “ஆனா அந்த ஆள நீங்க அப்படிப் பேசியிருக்கக் கூடாது.”

“ம்.”

“அன்னிக்கி என் செருப்பு ஒண்ணு தண்ணில போச்சே, ஞாபகம் இருக்கா?”

“இல்லாம இருக்குமா? வழுக்கி வுழப் போயி என் சட்டையில்ல புடிச்சிக் கிழிச்ச!”

“நா ஒத்தச் செருப்போட நொண்டிக்கினு வந்தேன். நீங்க ஒங்க செருப்பையும் கழட்டித் தண்ணில போட்டுட்டீங்க.”

“பின்ன இன்னா, புதுப் பொண்ணு வெறுங்கால்ல நடக்குது, மாப்ள மட்டும் செருப்புப் போட்டுக்கினு வர்றதா?”

“பஸ் ஸ்டாண்டுலருந்து வூடு வரைக்கும் ரெண்டு பேரும் வெறுங்கால். வாசல்ல ஒங்க அத்தா நின்னாரு. ‘ஊருக்கே செருப்பு விக்கிறேன், என் வூட்டு ஆளுங்க வெறுங்கால்ல வருதுங்களே’ன்னு தலையில அடிச்சிக்கினாரு!”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்துச் சிரித்துப் புரை ஏறியது. ஜலீல் அவள் தலையைத் தட்டினார். அந்தச் சிரிப்பைக் கேட்டு நாளாகியிருந்தது.

சோறு தீரும் வரை பேசினார்கள். அப்போது வாடகைக்கு இருந்த ஒற்றை அறை, மழையில் ஒழுகிய ஓடு, முதல் ரம்ஜானுக்கு அவர் எடுத்துத் தந்த பச்சைப் புடவை.

“அந்தப் பாறை மட்டும் சரியாம இருந்திருந்தா, இன்னிக்கும் ஒங்களுக்கு முன்னாடி நாந்தான் அருவிக்கு எறங்கியிருப்பேன்” என்றாள் மெஹ்ராஜ்.

“ஆமாமா. அன்னிக்கும் நீதான முன்னாடி ஓடுன.”

அவள் முகம் மலர்ந்துபோனது.

ஜலீல் காலி பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்தார். “செக்போஸ்ட்டாண்ட கொழா இருந்துது. தண்ணி புடிச்சிக்கினு வரேன்.”

“போயி மறுபடியும் சண்ட போடாதீங்க!”

அவர் போய்ச் சேர்ந்தபோது கம்பி மேலே தூக்கியிருந்தது. ஒரு வேனும் அதன் பின்னால் மூன்று பைக்குகளும் ஹாரன் அடித்துக்கொண்டு அருவிப் பக்கம் போய்க்கொண்டிருந்தன.

ஜலீலைப் பார்த்ததும் இருசப்பன் சிரித்துவிட்டார்.

“இன்னா பாய், நேத்து போன்ல ‘கொஞ்சம் சத்தம் போடுவேன், கண்டுக்காத’ன்னுதான சொன்னீங்க? மேலதிகாரி வரைக்கும் போயிட்டீங்களே! எனக்கே வேர்த்துடுச்சி.”

“மன்னிச்சிக்க இருசப்பா. சத்தம் போடலன்னா அவ நம்பியிருக்க மாட்டா.”

“அம்மாகிட்ட நேராவே சொல்லியிருக்கலாம் இல்ல பாய்? நெஞ்சுல ஆபரேஷன் ஆயிருக்கு, அவ்ளோ படி எறங்கி ஏற ஒன் ஒடம்பு தாங்காதுன்னு?”

ஜலீல் பாட்டிலைக் குழாயடியில் பிடித்தார். நிரம்பி வழிந்த பிறகுதான் மூடினார்.

“மூணு மாசமா வூட்ல ஆளாளுக்கு அதத்தான சொல்லிக்கினு கீறோம். தூக்காத, குனியாத, ஏறாதன்னு. அருவி மூடியிருக்குன்னா, ‘போனா போவுது’ன்னு சிரிச்சிடுவா இருசப்பா. ஒன்னால முடியாதுன்னு சொன்னா, எனக்குத் தெரியாம அழுவா.”