மகிழினிக்கு ஓர் ஆட்சேபம்

குழந்தைக்கோ கடைக்கோ வைக்கும் பெயரே, ‘.காம்’ போல, இணைய முகவரியின் புதிய கடைசிப் பகுதியாகவும் பதிவாக வேண்டும் என்று கொள்கை வந்தபின், பெயர் சூட்டும் முன்பு உலகில் யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம் என்றானது. பொள்ளாச்சியில் தணிகைவேலும் கோமளமும் மகளுக்கு ‘மகிழினி’ என்று விண்ணப்பித்தார்கள். ஒரு சோப்பு நிறுவனம் ஆட்சேபித்து, பிறகு விலகியது. அதற்குள் குழந்தை நடக்கத் தொடங்கிவிட்டாள்.

மிச்சமிருந்தவர் உடுமலை செபஸ்தியான். தன் பேக்கரிக்கு அதே பெயரைக் கேட்டிருந்தார். சமரசம் பேச வீட்டுக்கே வந்தார்.

“பேரில்லாம கடைக்கு லைசென்ஸ் தர மாட்டேங்கறாங்க, அம்மிணி. அடுப்பு அணைஞ்சு கெடக்குதுங்க.”

“எங்க புள்ளைக்கும் பேரில்லீங்களே அண்ணா! கோயில்ல அர்ச்சனைக்குப் போனா ஐயர் விண்ணப்ப எண்ணைச் சொல்றாருங்க” என்றாள் கோமளம்.

செபஸ்தியான் சிரித்துவிட்டார். “சாமிக்கு எதுக்குங்க நம்பரு? பேரு புள்ளைக்கே இருக்கட்டும்” என்று அங்கேயே கைபேசியில் ஆட்சேபத்தை விலக்கிக்கொண்டார்.

பெயர் உடனே பதிவானது. கோமளம் அதை மகளின் காதில் மும்முறை சொன்னாள். தணிகைவேலோ செபஸ்தியானின் கடைக்கும் வழியுண்டா என்று அவசரமாகக் கொள்கையைப் புரட்டினான். தன் பெயரின் கீழ் பிறருக்கு இடம் தர உரிமையாளருக்கு அனுமதி உண்டு; ஆனால் உரிமையாளரே நேரில் சம்மதிக்க வேண்டும்.

செபஸ்தியான் தரையில் மண்டியிட்டு, தன் வீட்டுக் குக்கரில் சுட்டுக் கொண்டுவந்திருந்த பன்னை மகிழினியிடம் நீட்டினார். “முதலாளியம்மா, உங்க பேருல கடை நடத்திக்கட்டுங்களா?”

மகிழினி பன்னைப் பிய்த்தாள். பெரிய துண்டை அவர் வாயில் திணித்தாள்.

தணிகைவேல் அதைப் படம்பிடித்து அனுப்பினான். சம்மதம் ஏற்கப்பட்டது.