அப்பா வழியாக

அண்ணனும் நானும் பேச்சை விட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. நினைவு தப்பிய அப்பாவைச் சேர்ந்து பார்த்துக்கொண்டாலும், எதையும் அவர் மூலமாகவே சொல்லிக்கொள்வோம். "அப்பா, அவளைச் சாப்பிடச் சொல்லுங்க" என்பான் அண்ணன். எங்கள் பெயர்களைக்கூட மறந்துவிட்ட அப்பா, அதை மட்டும் தவறாமல் என்னிடம் திரும்பிச் சொல்வார். இன்று அவருக்குச் சவரம் செய்து முடித்ததும் பிளேடைக் காணவில்லை. அப்பாவின் வாய் இறுக மூடியிருந்தது. ஒரு கன்னத்தில் ஏதோ துருத்தியது. கிட்டே போனால் அடிப்பார். "அப்பா, அவளை டாக்டருக்குப் போன் போடச் சொல்லுங்க" என்றான் அண்ணன், பழக்கத்தில். அப்பா என் பக்கம் திரும்பினார். "எனக்கே கேக்குது அண்ணே, எங்கிட்டயே சொல்லு!" என்று அலறினேன். அப்பா தலையாட்டிவிட்டு, அதைச் சொல்வதற்காக உதடுகளைப் பிரித்தார்.