கோப்பையின் அடியில் காசு

காசு கோப்பையின் அடியில் கிடந்தது. அதைக் கண்டதும் றம்ஸியாவுக்குக் கைகால் ஓடவில்லை.

பகல் விருந்தில் மிஞ்சிய கறியை வைக்கத்தான் பிரிட்ஜைத் திறந்தாள். மேல் தட்டில் ஐஸ் இறுகிய கண்ணாடிக் கோப்பை இருந்தது. ஐஸின் மேலே இருக்க வேண்டிய இருபத்தைந்து சதக் காசு ஐஸுக்குக் கீழே, கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்தது.

"இஞ்ச ஒருக்கா வாங்களன்," என்று புருசனைக் கூப்பிட்டாள்.

பாயிஸ் துறைமுகத்துக் குளிரறையில் வேலை பார்க்கிறவன். கை கழுவிவிட்டு வந்தவன் கோப்பையைப் பார்த்தான். முகம் வெளுத்துப் போனது.

"ஆக்க முந்தி இதப் பாக்கல்லயா நீ?"

"மறந்திட்டன்."

அந்தக் காசை வைத்தவன் அவன்தான். ஒரு கலியாணத்துக்காக இரண்டு பேரும் கந்தளாய்க்குப் போகுமுன், கோப்பைத் தண்ணீரை இறுக வைத்து அதன்மேல் காசை வைத்தான். வந்து பார்க்கும்போது காசு மேலேயே இருந்தால் கரண்ட் போகவில்லை. கீழே போயிருந்தால், கரண்ட் போய் ஐஸ் உருகி, காசு தாழ்ந்து, கரண்ட் வந்த பிறகு திரும்பவும் இறுகியிருக்கிறது.

ஐஸுக்கு நடந்தது பக்கத்தில் கிடந்த ஆட்டிறைச்சிக்கும் நடந்திருக்கும். "ஒருக்கா இளகித் திரும்ப இறுகினது இறைச்சியில்ல, நஞ்சு" என்று பாயிஸ் சொல்லாத நாளில்லை.

மற்ற எல்லாவற்றையும் அவள் ஒழுங்காகத்தான் செய்திருந்தாள். நேற்று வந்த கையோடு இறைச்சியைக் கீழ்த் தட்டுக்கு இறக்கி, விடியும்வரை மெல்ல இளக விட்டாள். குசினி மேசையில் போட்டு வைக்கவில்லை, அவசரத்துக்குச் சுடுதண்ணீரும் ஊற்றவில்லை. கலியாண வீட்டு அலுப்பில் பக்கத்திலிருந்த கோப்பையை மட்டும் பார்க்காமல் விட்டுவிட்டாள்.

அந்த இறைச்சியைத் தின்றவர்களில் ஒருத்தி அசனா, பாயிஸின் தங்கச்சி. ஏழு மாதப் பிள்ளைத்தாச்சி. இரண்டு தவறி, மூன்றாவதாகத் தங்கிய பிள்ளை. வாய்க்கு ருசியாக ஒரு நேரமாவது போட வேண்டுமென்று கிண்ணியாவிலிருந்து துறை கடந்து வரச் சொன்னதே றம்ஸியாதான்.

அவள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல இன்னும் இரண்டு துண்டு அள்ளிப் போட்ட கை இது. றம்ஸியா தன் கையையே பார்த்தாள்.

சாப்பாட்டு நேரத்திலாவது கோப்பை கண்ணில் பட்டிருக்கும். அசனா சர்பத்துக்கு ஐஸ் கேட்டாள். விட்டாரா மாமி? "அந்த மையித்துப் பெட்டித் தண்ணி உனக்கு வேணா. நெஞ்சில சளி கட்டும், புள்ளைக்கும் ஆகாது," என்று கட்டிப்போன தொண்டையோடு அதட்டினார். எழும்பப் போன றம்ஸியா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மாமி பாயிஸின் உம்மா. அவர்கள் கந்தளாயில் நின்ற இரண்டு நாளும் வீட்டுக்குக் காவலாக இருந்தவர். பிரிட்ஜுக்கு அவர் வைத்த பெயர்தான் மையித்துப் பெட்டி. செத்ததை வைக்கிற பெட்டியை இருக்கிறவர்கள் தொடக் கூடாது என்பது அவருடைய சட்டம்.

அறைக்குள்ளிருந்து அசனா கூப்பிட்டாள். "மச்சி, நெஞ்சுக்குள்ள எரியுது."

றம்ஸியா கறிச்சட்டியைக் கீழே வைத்தாள். அல்லாஹ்வே, தொடங்கிவிட்டது. இந்தப் பிள்ளையும் போனால் அசனா தாங்கமாட்டாள். அதற்குப் பிறகு இந்தக் குடும்பத்தின் முகத்தில் எப்படி விழிப்பது?

"பக்கத்து வீட்டுச் சோமசேகரம் ஐயாட கார் நிக்குதா எண்டு பாத்துக்கொண்டு வாறன்," என்றான் பாயிஸ். "ஆஸ்பத்திரிக்குப் போய் வயித்தக் கழுவச் சொல்லுவம்."

"ஏழு மாதத்தில வயித்தக் கழுவ ஏலுமா?"

அவன் அவசரமாகச் சட்டையை மாட்டினான். அது அவளை இன்னும் பயப்படுத்தியது.

மகளின் தலைமாட்டில் இருந்த மாமி எழும்பி வந்தார். "என்ன ரெண்டு பேரும் மையித்து வீடு மாதிரி நிக்கிறீங்க?"

றம்ஸியா அழுதுவிட்டாள். "மாமி, நான் உங்கட மகளுக்கு நஞ்சக் குடுத்திட்டன்."

பாயிஸ் கோப்பையைத் தூக்கிக் காட்டி, காசின் கதையைச் சொன்னான். மாமி கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்கக் கேட்க அவர் முகம் ஒரு மாதிரியாகப் போனது.

"காசு கீழ கிடந்தா கரண்ட் போனதெண்டா கருத்து?"

"ஓம் உம்மா. வேற என்னண்டு கீழ போகும்? விடுங்க, காருக்குப் போகணும்."

மாமி வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "கார் தேவையில்ல. கரண்ட் போகல்ல."

"நீங்க லாம்பக் கொளுத்தி வச்சிட்டுப் படுக்கிற ஆள். கரண்ட் போனது வந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மாமி மருமகளைப் பார்க்கவில்லை. முக்காட்டை நன்றாக இழுத்து விட்டுக்கொண்டு, இருந்த கொஞ்சக் குரலில் சொன்னார்.

"ரெண்டு நாளும் விடியவும் பின்னேரமும் அந்தக் கோப்பை ஐஸைத் திண்டது நான்தான் மகன். ஒவ்வொரு தரமும் தண்ணிய ஊத்தி, காசையும் மறக்காமப் போட்டுத்தான் வச்சனான்."