கவர் பிரிக்காத ஸ்டெப்னி

ஒரு ஜீப்பு காட்டுப் பயணம் கெளம்புச்சு. மாட்டிக்கிட்டா வண்டியை இழுக்கணும்னு மூஞ்சியில கம்பிக்கயிறும் கொக்கியுமா ஒரு வின்ச்சு, அதுக்கு எலுமிச்சம்பழம், குங்குமம் எல்லாம் வச்சாச்சு. மம்பட்டியை மட்டும் சாக்குல சுத்தி சீட்டுக்கடியில தள்ளிடுச்சு.

"நீ வெளிய தெரிஞ்சா என்னைச் சாணி அள்ளுற வண்டின்னுடுவாங்க!"

ஆத்து மணல்ல நாலு சக்கரமும் பொதைஞ்சிடுச்சு. மலையில மழை போல, தண்ணி ஏறுது.

"இழுடா தடியா!"ன்னு ஜீப்பு கத்துச்சு.

"எதைப் புடிச்சு இழுக்க? உங்கப்பன் இங்க மரம் நட்டு வச்சிருக்கானா?"ன்னு வின்ச்சு எகிறுச்சு.

மம்பட்டி சாக்கைக் கிழிச்சுக்கிட்டு வெளிய குதிச்சுச்சு. "கூறுகெட்டதுங்களா! நான் குழி வெட்டுறேன். முதுகுல தொங்குற ஸ்டெப்னியை அதுல புதைச்சு, கொக்கியை மாட்டி இழுங்க!"

சரசரன்னு குழி வெட்டுச்சு. வின்ச்சு கொக்கியை நீட்டி ஸ்டெப்னியைக் கழட்டி உருட்டுச்சு.

ஜீப்பு அலறுச்சு. "ஏய், தொடாத! அது புது வீலு! பிளாஸ்டிக் கவரு கூட இன்னும் பிரிக்கல! மண்ணுல போட்டா கீறல் விழும்டா!"

"உசுரு போகுதுடா!"ன்னுச்சு மம்பட்டி.

"போனா போகுது, கீறல் விழக்கூடாது!"

மம்பட்டிக்கு மண்டை காஞ்சிடுச்சு. "சரிங்க துரை, கவரோடயே இருங்க"ன்னுட்டு கரையேறிடுச்சு.

தண்ணி ஹாரனைத் தொட்டுச்சு. அப்பவும் ஜீப்பு வாயை மூடல.

"கீறல் விழுந்துச்சா பாருங்கடா! கீறல்... கீற... குபுக்!"

ஸ்டெப்னி மட்டும் கவரோட மெதந்து போச்சு, ஒரு கீறல் கூட இல்லாம.