நின்றுபோன கை

படப்பிடிப்பு நடப்பது பேசாத படத்துக்கு, சத்தம் பதிவாகாது என்பதால் பக்கத்து அரங்கில் தச்சர்கள் ஆணி அடித்துக்கொண்டே இருக்கிறார்கள். கூரையில் கட்டிய வெள்ளைத் துணி வழியே பகல் வெளிச்சம் இறங்குகிறது. மகன் இறந்த செய்தி வந்த கடிதத்தை நடிகை படித்து முடிக்கிறாள். அழவில்லை. கடிதத்தை மெல்ல மடித்து, மார்போடு அணைத்து, தூங்கவைப்பதுபோல் தட்டிக்கொடுக்கிறாள். சுத்தியல்கள் ஒவ்வொன்றாக அடங்குகின்றன. கேமராவின் கைப்பிடியைச் சுழற்றிக்கொண்டிருந்தவரின் கையும் நின்றுவிடுகிறது. "ஏன்யா நிறுத்தினே? ஒண்ணுமே பதிவாகலையே!" என்று டைரக்டர் கத்துகிறார். "கை ஓடலைங்க." நடிகை சிரிக்கிறாள். "அண்ணனைத் திட்டாதீங்க. என் பிள்ளை இன்னொரு தடவை சாகட்டும்." மறுபடியும் கடிதத்தைப் பிரிக்கிறாள். கேமராக்காரர் சுவரைப் பார்த்தபடி கைப்பிடியைச் சுழற்றுகிறார். ஆணிச் சத்தம் தொடங்கி, மறுபடியும் அடங்குகிறது. அவர் திரும்பவில்லை.